எழுத்தை எண்ணினால் பூர்வீகம் தெரியுமா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில், எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணியே ரகசியக் கடிதங்களை உடைத்த கதையை எழுதியிருந்தேன். படித்தவர்களில் பலர் அந்த எண்ணிக்கையை நேராகக் குடும்பப் பெயர்களிடம் கொண்டுபோய்விட்டார்கள். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதைப் பற்றித்தான். அதனால் இந்த முறை பக்கங்கள் முழுவதும் இதற்கே.

கேள்வி (ஒரு கல்லூரி மாணவி): ரகசியக் கடிதத்தையே எழுத்துகளை எண்ணி உடைக்கலாம் என்றால், ஒருவருடைய குடும்பப் பெயரில் உள்ள எழுத்துகளை எண்ணி அவருடைய முன்னோர் எந்த நாட்டவர் என்று சொல்லிவிட முடியாதா?

பதில்: ஒரே ஒரு பெயரை வைத்துக்கொண்டு எண்ணிக்கையால் சொல்ல முடியாது. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இந்த முறையை எழுதிவைத்த அல்-கிந்தி, கடிதம் எந்த மொழியோ அதே மொழியில் ஒரு தாள் நிறையும் அளவுக்கு வேறு எழுத்தை எடுத்து முதலில் எண்ணிக்கொள்ளச் சொன்னார். ஒரு தாள், கவனியுங்கள். குடும்பப் பெயர் ஒன்றில் இருப்பது ஆறு ஏழு எழுத்துதான்.

கணக்காகவே பார்ப்போம். ஜெர்மன் உரைநடையில் 'இ' என்ற எழுத்து (ஆங்கில அகரவரிசையின் ஐந்தாவது எழுத்து) 100க்கு ஏறத்தாழ 17 முறை வரும், ஆங்கிலத்தில் 12 அல்லது 13. வித்தியாசம் பெரிதுதான், ஆனால் ஏழு எழுத்துப் பெயர் ஒன்றில் அந்த வித்தியாசம் ஒரு எழுத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஒரு பெயரில் 'இ' இரண்டு தடவை வந்தால் அது ஜெர்மனா ஆங்கிலமா என்று அதை வைத்து யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு ஊரின் பதிவேட்டிலிருந்து பத்தாயிரம் பெயர்களை எடுத்து எண்ணினால் கதையே வேறு, அப்போது எழுத்துகள் பேசத் தொடங்கும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருகிற பதில்கள் எல்லாம் எளிதாகப் புரியும்.

கேள்வி (ஒரு வங்கி ஊழியர்): அப்படியென்றால், சிலர் பெயரைப் பார்த்த மாத்திரத்தில் 'இது போலந்து', 'இது இத்தாலி' என்று சரியாகச் சொல்கிறார்களே, அது எப்படி?

பதில்: அவர்கள் எண்ணுவதில்லை. எது எங்கே வரலாம், எது வரவே கூடாது என்பதைப் பார்க்கிறார்கள். தமிழ் படித்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம், ஏனென்றால் மொழி முதல் எழுத்து, மொழி இறுதி எழுத்து என்று தொல்காப்பியமும் நன்னூலும் நமக்குத் தனியாகவே சொல்லியிருக்கின்றன. தமிழ்ச் சொல் 'ட'வில் தொடங்காது, 'ர'வில் தொடங்காது, 'ல'வில் தொடங்காது. அதனால்தான் ராமனை இராமன் என்று எழுதினார்கள், லட்சுமணன் இலக்குவன் ஆனான். உயிரெழுத்து ஒன்றை முன்னால் வைத்து வாசலைத் தாண்டவைப்பது நம் வழக்கம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவில் பேசப்படுகிற பாஸ்க் மொழிக்கும் இதே பழக்கம்தான். லத்தீனிலிருந்து அரசன் என்ற சொல்லை வாங்கியபோது 'ர'வில் தொடங்கப் பிடிக்காமல் 'எரெகே' என்று ஆக்கிக்கொண்டார்கள், ரோம் நகரம் அவர்களுக்கு 'எரோமா'. தென் கொரியாவிலும் இதுபோல ஒன்று நடந்திருக்கிறது: 'ரி' என்ற குடும்பப் பெயரின் முதல் மெய்யை விட்டுவிட்டு 'இ' என்று மட்டும் சொல்கிறார்கள், வட கொரியாவில் இன்னமும் 'ரி'தான். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத மூன்று மொழிகள் ஒரே இடத்தில் தயங்குகின்றன.

சரி, பெயருக்கு வருவோம். இத்தாலியச் சொற்கள் பெரும்பாலும் உயிரில்தான் முடியும், அதனால் ரோஸ்ஸி, பியாங்கி, ருஸ்ஸோ, எஸ்போசிட்டோ. போலிஷ் எழுத்துமுறையில் சொந்தச் சொற்களுக்கு 'க்யூ', 'வி', 'எக்ஸ்' மூன்றும் கிடையாது. 'வ' ஒலிக்கு 'டபிள்யூ'வைத்தான் எழுதுவார்கள், 'இசட்' நிறைய வரும். ஆகவே ஒரு பெயரில் 'வி' இருந்தால், நடுவில் யாரும் எழுத்தை மாற்றாத பட்சத்தில், அது போலிஷ் பெயராக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இல்லாத எழுத்து கொடுக்கிற தகவல் பெரிது, அடிக்கடி வருகிற எழுத்து கொடுக்கிற தகவல் சிறிது. 'ஏ'யும் 'என்'னும் எல்லா ஊர்ப் பெயர்களிலும் இருக்கும், அதை எண்ணி என்ன செய்ய?

தனி எழுத்தைவிட ஜோடி இன்னும் நல்லது. ஆனால் ஜோடியும் ஏமாற்றும். 'எஸ்', 'இசட்' இரண்டும் சேர்ந்து வருவதைப் பார்த்தவுடன் போலந்து என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். ஹங்கேரியிலும் அதே ஜோடி உண்டு, ஒலிதான் வேறு: போலிஷில் அந்த ஜோடிக்கு 'ஷ' ஒலி, ஹங்கேரியனில் 'ஸ' ஒலி. சிமான்ஸ்கி என்று சிலர் படிக்கிற போலிஷ் பெயர் உண்மையில் ஷிமான்ஸ்கி. சபோ என்ற ஹங்கேரியப் பெயரை ஷபோ என்று படித்தால் தவறு. கூட வருகிற மற்ற எழுத்துகள்தான் காட்டிக்கொடுக்கும், 'ஜி'யோடு 'ஒய்' ஒட்டி வந்தால் ஹங்கேரி பக்கம் சாயலாம், குறுக்குக்கோடு போட்ட 'எல்' வந்தால் போலந்து பக்கம்.

கேள்வி (ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்): பல மொழிகளின் எழுத்து நிகழ்வெண் (எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்ற) அட்டவணைகளை எடுத்து, குடும்பப் பெயர்ப் பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். எதுவுமே பொருந்தவில்லை. ஸ்பானியப் பெயர்கள் ஸ்பானிய மொழியைப் போலவே இல்லை. நான் எங்கே தவறினேன்?

பதில்: ஐயா, உங்கள் கணக்கில் தவறில்லை. அட்டவணைதான் வேறு வேலைக்கானது. அந்த அட்டவணைகள் செய்தி, கதை, கட்டுரை போன்ற ஓடும் உரையை எண்ணித் தயாரித்தவை. ஆங்கில உரையில் 'டி' இரண்டாவது இடத்தில் இருப்பதற்குப் பெரிய காரணம் 'த', 'தட்', 'திஸ்', 'டு' போன்ற சின்னச் சொற்கள் வரிக்கு வரி வருவது. குடும்பப் பெயருக்குள் அவை எங்கே வரும்? அதனால் பெயர்ப் பட்டியலில் 'டி' கீழே இறங்கிவிடும்.

ஸ்பானியத்தில் நடப்பது இதற்கு எதிர்ப்பக்கம். அந்த மொழி உரையில் 'இசட்' மிக அரிது, 200 எழுத்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான் வரும். ஆனால் ஃபெர்னாண்டெஸ், கோன்சாலெஸ், ரோட்ரிகெஸ், மார்ட்டினெஸ், லோபெஸ், பெரெஸ் எல்லாமே 'இ, இசட்' என்று முடிகின்றன. 'இன்னாருடைய மகன்' என்று பொருள் தரும் ஒரே ஒரு பின்னொட்டு, ஒரு மொழியின் அரிதான எழுத்தைப் பெயர்களில் முன்வரிசைக்குக் கொண்டுவந்துவிட்டது. ரஷ்யப் பெயர்களில் 'ஒவ்', 'எவ்' பின்னொட்டுகளால் 'வ' ஒலிக்கான எழுத்து உயர்வதும், ஆர்மீனியப் பெயர்களில் 'யான்' வருவதும் இதே மாதிரிதான்.

ஆகவே பெயரைப் பெயரோடுதான் ஒப்பிட வேண்டும். ஸ்பானியப் பெயர்ப் பட்டியல் ஒன்று, போர்த்துகீசியப் பெயர்ப் பட்டியல் ஒன்று என்று வைத்துக்கொண்டால் உடனே ஒன்று தெரியும்: அதே ஃபெர்னாண்டெஸ், அதே ரோட்ரிகெஸ், போர்த்துகீசியத்தில் கடைசி எழுத்து 'இசட்' இல்லை, 'எஸ்'. காதுக்கு ஏறத்தாழ ஒரே பெயர், ஒரு எழுத்து மட்டும் எல்லையின் எந்தப் பக்கம் எழுதப்பட்டது என்று சொல்லிவிடுகிறது.

கேள்வி (ஒரு இல்லத்தரசி): நாட்டைச் சொல்வது இருக்கட்டும், ஒரே நாட்டுக்குள் இன்ன பகுதி என்று சொல்லுகிற அளவுக்கு எழுத்துகள் உதவுமா?

பதில்: உண்மையில் எழுத்துகள் நன்றாக வேலை செய்வது இங்கேதான், எனக்கு எழுத அதிகம் பிடித்த பகுதியும் இதுதான்.

மான் தீவு என்று இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கடலில் ஒரு சிறு தீவு இருக்கிறது. அங்கே குவேல், குவில்லியம், குவால்ட்ரோ, குவிகின் என்று 'க்யூ'வில் தொடங்கும் பெயர்களும், கெர்மோட், நீல், கோர்லெட் என்று 'கே'யிலும் 'சி'யிலும் தொடங்கும் பெயர்களும் அளவுக்கு மீறி இருக்கும் (நீல் என்று நான் எழுதியிருப்பதற்கு முன்னால் ஒலிக்காத ஒரு 'கே' நிற்கிறது). காரணம் இதுதான்: பெயருக்கு முன்னால் 'மகன்' என்று பொருள்படும் 'மாக்' இருந்தது. நாளாவட்டத்தில் 'மா' உதிர்ந்துவிட்டது, அந்தக் கடைசி 'க்' மட்டும் அடுத்த பெயரோடு ஒட்டிக்கொண்டது. மாக் வில்லியம் குவில்லியம் ஆனார், மாக் டெர்மட் கெர்மோட் ஆனார். ஆங்கிலத்தில் மிக அரிதான எழுத்துகளில் ஒன்று 'க்யூ', அது ஒரு தீவின் பதிவேட்டில் பக்கம் பக்கமாக வருகிறது என்றால் எண்ணத் தெரிந்தவர் கண்ணில் படாமல் போகாது.

வேல்ஸில் இதே வேலையை வேறு எழுத்து செய்தது. அங்கே 'மகன்' என்பதற்கு 'ஆப்'. ஆப் ரீஸ் பிரைஸ் ஆனது, ஆப் ஹவல் பவல் ஆனது, ஆப் ரிச்சர்ட் பிரிட்சர்ட், ஆப் ஹாரி பாரி. முன்னால் இருந்த சொல்லின் கடைசி மெய் அடுத்த சொல்லின் முதல் எழுத்தாகிவிட்டது. நம் புணர்ச்சி விதிகளைப் படித்துக் களைத்தவர்களுக்கு இது ஒன்றும் அந்நியமாக இருக்காது.

இத்தாலிக்குள் போனால், உயிரில் முடியும் என்று மேலே சொன்ன விதியே இடத்துக்கு இடம் மாறும். வடகிழக்கில் வெனிஸைச் சுற்றி ட்ரெவிசான், விசென்டின், சானின் என்று 'ன்' ஒலியில் முடிகிற பெயர்கள் நிறைய. அந்த வட்டார மொழி கடைசி உயிரை விழுங்கிவிடும். சார்டீனியாத் தீவில் லுஸ்ஸு, புட்டு என்று 'உ'வில் முடியும், பிராஸ், மெலிஸ் என்று 'ஸ்'ஸிலும் முடியும். ஒரு இத்தாலியப் பெயரின் கடைசி எழுத்தை மட்டும் பார்த்தே வரைபடத்தில் தோராயமாகக் கை வைக்கலாம்.

பிரான்சில் 'கே'யும் 'டபிள்யூ'வும் பிரெஞ்சுச் சொற்களில் அரிது. பெயரில் 'கே' வந்தால் மேற்கே பிரிட்டனி பக்கம் பாருங்கள், அங்கே 'கெர்' என்றால் வீடு, குடியிருப்பு, அதில் தொடங்கும் பெயர்கள் ஏராளம். 'டபிள்யூ'வும் 'எஸ்சிஎச்'சும் வந்தால் கிழக்கே ஜெர்மன் எல்லையில் அல்சாஸ். கிரேக்கத்தில் 'ஆக்கிஸ்' என்று முடிந்தால் கிரீட் தீவு, 'புலோஸ்' என்றால் பெரும்பாலும் தெற்கே உள்ள பெலொப்பொனீஸ் தீபகற்பம், 'இடிஸ்' என்றால் கருங்கடல் கரையிலிருந்து வந்தவர்கள். ஜார்ஜியாவில் கிழக்கே 'ஷ்விலி', மேற்கே 'ட்ஸெ', இரண்டுக்கும் பிள்ளை, மகன் என்றே பொருள்.

இப்படியே எழுதிக்கொண்டு போகலாம், அடுத்த கேள்விக்கு இடம் வேண்டும்.

கேள்வி (ஒரு பொறியாளர்): என்னுடன் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் நண்பருக்கு அச்சு அசல் ஸ்பானியக் குடும்பப் பெயர். ஸ்பெயின் வம்சமா என்று கேட்டேன், இல்லவே இல்லை என்கிறார். எழுத்து பொய் சொல்லுமா?

பதில்: உங்கள் நண்பர் சொன்னதுதான் சரி. பொய் சொன்னது எழுத்தும் இல்லை. 1849இல் பிலிப்பைன்ஸின் ஸ்பானிய ஆளுநர் நார்சிசோ கிளாவெரியா, எல்லாருக்கும் நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்று ஆணையிட்டார். வரி வசூலுக்கும் பதிவுக்கும் அது தேவைப்பட்டது. ஏறத்தாழ 60,000 பெயர்கள் கொண்ட அகரவரிசைப் பட்டியல் ஒன்று தயாரானது. அதில் ஸ்பானியப் பெயர்களும் இருந்தன, உள்ளூர்ச் சொற்களும் இருந்தன. அந்தப் பட்டியலைப் பிரித்து மாகாணங்களுக்கும், அங்கிருந்து ஊர்களுக்கும் அனுப்பினார்கள், குடும்பங்கள் அந்தப் பக்கங்களிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டன. நான்கு தலைமுறையாக ஒரு பெயர் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு.

அகரவரிசையில் பிரித்ததால் என்ன ஆனது தெரியுமா? சில ஊர்களுக்கு ஒரே எழுத்தில் தொடங்கும் பக்கங்கள்தான் போய்ச்சேர்ந்தன. அல்பாய் மாகாணத்தில் ஓவாஸ் என்ற ஊரில் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் குடும்பப் பெயர்கள் இன்றும் குவிந்து கிடக்கின்றன. எழுத்து நிகழ்வெண்ணை வைத்துப் பூர்வீகம் சொல்லலாமா என்ற கேள்விக்கு உலகத்திலேயே இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது: முதல் எழுத்து கொள்ளுத்தாத்தாவின் ஊரைச் சரியாகச் சொல்லிவிடுகிறது, பெயரின் மொழியோ வம்சத்தைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை.

ஆகவே எழுத்துகளைப் பார்த்ததும் 'இது யார் ரத்தம்' என்று கேட்காதீர்கள், 'இதை யார் எழுதினார், எப்போது, எந்த மொழியில்' என்று கேளுங்கள், பதில் பெரும்பாலும் கிடைக்கும். 1787இல் ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசர் இரண்டாம் ஜோசப் தன் நாட்டு யூதர்கள் ஜெர்மன் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டார். அந்தப் பெயர்களில் இருப்பது சுத்தமான ஜெர்மன் எழுத்தமைப்பு, வைத்துக்கொண்டவர்கள் ஜெர்மானியர் அல்ல. 1906இல் பின்லாந்தில் ஆயிரக்கணக்கானோர் ஸ்வீடிஷ் பெயர்களை விட்டுவிட்டுப் பின்னிஷ் பெயர்களுக்கு மாறினார்கள். 1934இல் துருக்கியில் குடும்பப் பெயர்ச் சட்டம் வந்தது, அதன் விதிகள் 'யான்', 'ஒஃப்', 'விச்', 'இஸ்', 'புலோஸ்', 'ஆக்கி' போன்ற பின்னொட்டுகளைப் பெயரில் வைக்கக் கூடாது என்றே தடுத்தன. நாம் தேடிக்கொண்டிருக்கும் தடயங்களையே பட்டியல் போட்டு அழித்த விதி அது. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று பெயரை மட்டும் வைத்துப் பூர்வீகம் தேடினால் கைக்கு ஒன்றும் அகப்படாது, அதை நினைக்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

சில இடங்களில் அழிக்க நினைத்தும் அழியவில்லை. இந்தோனேசியாவில் 1966இல் சீன வம்சாவளியினர் இந்தோனேசியப் பெயருக்கு மாறும்படி அழுத்தம் வந்தபோது, லிம் என்ற பெயர் உள்ளவர்கள் பலர் சலீம், ஹலீம் என்று தேர்ந்தெடுத்தார்கள், தான் என்ற பெயர் உள்ளவர்கள் தனோத்தோ, சுதாந்தோ என்று. பழைய அசை புதிய பெயருக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. இதை எந்த எழுத்து எண்ணிக்கையும் கண்டுபிடிக்காது, கதை தெரிந்தவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

கேள்வி (ஒரு பள்ளி மாணவர்): சான், சென், தான் எல்லாம் ஒரே பெயர் என்று படித்தேன். அது எப்படி?

பதில்: ஆமாம், சீன எழுத்தில் எழுதினால் ஒரே எழுத்து. சீனாவின் பொதுமொழியான மாண்டரின் பேசுபவர் சென் என்பார், தெற்கு வட்டார மொழிகளில் கான்டனீஸ் பேசுபவர் சான், ஹொக்கியன் பேசுபவர் தான், வியட்நாமில் அது த்ரான். பெயர் ஒன்று, ரோமன் எழுத்துக்கு வரும்போது பேசியவரின் வட்டாரம் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே தென்கிழக்கு ஆசியாவில் ஒருவருடைய பெயர் தான் என்று எழுதப்பட்டிருந்தால், அவர் முன்னோர் ஹொக்கியன் பேசப்படும் சீனாவின் தென்கிழக்குக் கடற்கரையிலிருந்து வந்தவர்கள் என்று ஊகிப்பது நியாயம்.

'என்', 'ஜி' என்று இரண்டே எழுத்தில் ஒரு பெயர் இருக்கிறது, உயிரெழுத்தே கிடையாது, 'ங்' என்று சொல்ல வேண்டும். அது கான்டனீஸ் குடும்பமானால் மாண்டரினில் வூ என்று சொல்லும் பெயர், ஹொக்கியன் குடும்பமானால் மாண்டரினில் ஹுவாங் என்று சொல்லும் பெயர். எழுத்து ஒன்றே, பெயர் வேறு. லீ இன்னும் மோசம்: ஆங்கிலேயர் லீ இருக்கிறார், சீனர் லீ இருக்கிறார், கொரியர் லீ இருக்கிறார், மூவருக்கும் ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லை. கொரியப் பெயரை வாயால் சொல்லும்போது 'எல்' ஒலிப்பதே இல்லை, எழுத்தில் மட்டும் இருக்கிறது. தென் கொரியாவின் முதல் அதிபர் சிங்மன் ரீ தன் பெயரை 'ஆர்' போட்டு எழுதினார், அதுவும் இதே பெயர்தான்.

கேள்வி (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்): அமெரிக்காவுக்குக் கப்பலில் வந்தவர்களின் பெயர்களை நியூயார்க் துறைமுகத்தின் குடியேற்ற நிலையமான எல்லிஸ் தீவில் அதிகாரிகள் இஷ்டத்துக்கு மாற்றி எழுதினார்களாமே?

பதில்: இல்லை. அந்த அதிகாரிகள் புதிதாகப் பெயர் எழுதவில்லை, கப்பல் நிறுவனம் புறப்படும் துறைமுகத்தில் எழுதிக் கொண்டுவந்த பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பெயர்கள் மாறியது உண்மை, ஆனால் பெரும்பாலும் குடியேறியவர்களே பிறகு மாற்றிக்கொண்டார்கள். ம்யுல்லர் மில்லர் ஆனார், டச்சுக்காரர்களின் 'ஐ, ஜே' சேர்ந்த எழுத்து வெறும் 'ஒய்' ஆனது, எழுத்தின் மேலும் கீழும் இருந்த புள்ளிகளும் கோடுகளும் உதிர்ந்தன. தடயம் தேடுகிறவருக்கு இந்தப் புள்ளிகள்தான் தங்கம், முதலில் தொலைவதும் அவைதான். ஆகவே இன்றைய அடையாள அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டலை நம்பாமல், கிடைக்கிற மிகப் பழைய பதிவைத் தேடுங்கள்.

கேள்வி (ஒரு ஆராய்ச்சி மாணவி): ஒரு துறைமுக நகரின் பழைய பதிவேட்டில் உள்ள குடும்பப் பெயர்களை எண்ணி, மக்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று ஆராய விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது?

பதில்: நல்ல வேலை, அவசரப்படாமல் செய்யுங்கள். முதலில் ஒரு முடிவு எடுக்க வேண்டும், ஒவ்வொரு பெயரையும் ஒரு தடவை எண்ணப் போகிறீர்களா, அல்லது அந்தப் பெயருள்ள ஆட்கள் எத்தனையோ அத்தனை தடவையா? இதில் நானே ஒருமுறை சறுக்கினேன். ஒரு பட்டியலில் ஒரு எழுத்து திடீரென்று உயர்ந்து நின்றது, இரண்டு நாள் அதற்கு விளக்கம் தேடிக்கொண்டிருந்தேன், கடைசியில் பார்த்தால் ஒரே பெரிய குடும்பத்தின் பெயர் நூற்றுக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்திருந்தது. ஆகவே இரண்டு விதமாகவும் எண்ணுங்கள், இரண்டும் வெகுவாக வேறுபட்டால் ஏன் என்று பாருங்கள்.

அடுத்தது, தனி எழுத்தோடு நிற்காமல் இரண்டிரண்டாக, மும்மூன்றாக எண்ணுங்கள். பெயர் தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் ஒரு குறி வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் குறியையும் ஒரு எழுத்தாகவே கருதி எண்ண வேண்டும். 1913இல் ரஷ்யக் கணிதவியலாளர் மார்க்கோவ் ஒரு செய்யுளின் 20,000 எழுத்துகளைக் கையாலேயே எண்ணி, அடுத்து வருவது உயிரா மெய்யா என்பது முன்னால் இருந்த எழுத்தைப் பொறுத்தது என்று காட்டினார். 1994இல் கேவ்னர், ட்ரெங்கில் என்ற இருவர் சொற்களின் இரு முனைகளிலும் வெற்றிடக் குறி சேர்த்து, துண்டு துண்டாக எண்ணி, ஒரு உரை எந்த மொழி என்று கணினியைக் கண்டுபிடிக்கவைத்தார்கள். பெயருக்கு இந்த முனைக் குறி மிகவும் முக்கியம், ஏனென்றால் நாம் பார்த்த பின்னொட்டுகளும் ஒட்டிக்கொண்ட முதல் எழுத்துகளும் எல்லாம் முனைகளில்தான் இருக்கின்றன.

ஒப்பிடுவதற்கு நீங்கள் எடுக்கிற பட்டியல்கள், இடம்பெயராதவர்களின் பட்டியலாக இருக்கட்டும். 1890இல் ஹென்றி கப்பி என்பவர் பிரிட்டனில் எந்தப் பெயர் எந்தப் பகுதிக்கு உரியது என்று ஆராய்ந்தபோது விவசாயிகளின் பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டார், நிலத்தை விட்டு எளிதில் நகராதவர்கள் என்பதுதான் காரணம். அருமையான யோசனை, இன்றைக்கும் செல்லும். ஒரு பெருநகரத் தொலைபேசிப் புத்தகத்தை ஒப்பீட்டுக்கு எடுத்தால் எல்லா ஊரும் கலந்துதான் வரும்.

பெண்களின் பெயர்களைக் கவனியுங்கள். லித்துவேனியாவில் தந்தையின் பெயர் 'ஆஸ்' என்று முடிந்தால், மனைவியின் பெயர் 'யெனெ' என்றும் மகளின் பெயர் 'ஐதெ' என்றும் முடியக்கூடும், மூன்றும் ஒரே குடும்பம். ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது, தந்தை அல்லது தாயின் பெயரோடு மகன் என்றோ மகள் என்றோ சேர்ப்பார்கள். அதைக் குடும்பப் பெயர் என்று எண்ணினால் தலைமுறைக்கு ஒரு குடும்பம் பிறக்கும்.

இன்னொன்று, பெயரே ஊரைச் சொல்கிற மாதிரி இருந்தால் இரண்டு தடவை யோசியுங்கள். ஹங்கேரியில் மிகப் பரவலான ஹோர்வாத் என்ற பெயருக்குக் குரோவேஷியாக்காரர் என்று பொருள், நெமெத் என்றால் ஜெர்மானியர். அப்படி ஒரு பெயர் ஹங்கேரிக்காரர்கள் நடுவில் வந்து வாழ்ந்தவருக்குத்தான் கிடைக்கும், குரோவேஷியாவிலேயே இருந்தவரை யாரும் குரோவேஷியாக்காரர் என்று தனித்துக் கூப்பிடப் போவதில்லை. ஆகவே வேர் ஒருவேளை குரோவேஷியாவில், எழுத்தும் பெயரும் ஹங்கேரியில் பிறந்தவை.

கேள்வி (முன்பு கேட்ட அதே கணித ஆசிரியர்): கடைசியாக ஒன்று. எல்லாம் சரியாகக் கண்டுபிடித்தாலும், குடும்பப் பெயர் என் பூர்வீகத்தில் எத்தனை பங்கைச் சொல்லும்?

பதில்: இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போங்கள். பத்துத் தலைமுறைக்கு முன்னால் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள். தந்தைவழியாக வருகிற குடும்பப் பெயர் அந்த 1,024இல் ஒரே ஒருவரிடமிருந்து வந்தது. மீதி 1,023 பேரின் பெயர்கள் வழியிலேயே நின்றுவிட்டன, உங்கள் அம்மாவுடைய அம்மாவின் முன்னோர் பெயர்கள் உட்பட.

அந்த ஒரு கோட்டில்கூடப் பெயரும் ரத்தமும் எப்போதும் கைகோத்து வருவதில்லை. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோமை வைத்து இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்தார்கள். அரிதான குடும்பப் பெயர் உள்ள ஆண்களிடையே ஒரே மாதிரியான ஒய் குரோமோசோம் அடிக்கடி காணப்பட்டது. ஸ்மித் போன்ற பரவலான பெயரில் அப்படி ஒற்றுமை ஏதும் இல்லை, கொல்லர் வேலை எல்லா ஊரிலும் இருந்தது, பெயரும் ஊருக்கு ஊர் தனித்தனியாகப் பிறந்தது. பெயர் எவ்வளவு அரிதோ அவ்வளவு நம்பலாம். தத்து எடுப்பது, மனைவியின் வீட்டுப் பெயரை எடுத்துக்கொள்வது, முதலாளியின் பெயர் தொழிலாளிக்கு வருவது என்று கோடு மாறும் இடங்களும் நிறைய.

ஆகவே உங்கள் கணக்கை இன்னொரு பக்கமும் தொடங்குங்கள் ஐயா. உங்கள் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், அவருடைய அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், அப்பாவுடைய அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் என்று தெரிந்தவரை மேலே போய், எழுத்துக்கூட்டல் மாறாமல் ஒரு தாளில் எழுதிவையுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.